கை எதுவரை போகும்

எனக்கு வலது தோள் இறுகிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் கொடியில் துணி போடும்போது சுருக்கென்றது. பிறகு அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை. ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து கொண்டை போடக் கையைத் தூக்கினேன். கை காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது. உள்ளே யாரோ பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. இடது கையால் முடியைப் பிடிக்கலாம், சுற்ற முடியாது. கொண்டை இரண்டு கையும் சேர்ந்து செய்கிற வேலை.

அன்றிலிருந்து மருமகள்தான் எல்லாம் செய்தாள். முதுகு தேய்த்துவிடுவது, ரவிக்கைக் கைக்குள் என் கையை நுழைப்பது, தலை வாரிக் கொண்டை போடுவது. நல்ல பெண். ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத்தான் கூச்சம். என் உடம்பை ஒருவர் முன்னால் வைத்துக்கொண்டு நிற்பது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. அவள் தேய்க்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவளும் எதையாவது பேசிக்கொண்டே தேய்ப்பாள், நான் கூசுவது தனக்குத் தெரியாத மாதிரி.

என் மகன் லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். மருமகள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் உதவியாளாக இருந்தாள். பிள்ளைகள் குறைந்துபோய் அதை மூடிவிட்டார்கள். அவள் பல இடத்தில் மனுப் போட்டு, கடைசியில் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தொழிற்சாலை பஸ் எங்கள் தோட்டத்து முச்சந்திக்குக் காலை ஐந்து மணிக்கே வந்துவிடும். அடுத்த மாதம் தொடக்கம். வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அவள் போகமாட்டேன் என்றாள். காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. மகனிடம் போனில் சொன்னதை நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். அத்தையைக் குளிக்க வைத்து உடுத்திவிட ஆள் வேண்டாமா, நாலு மணிக்கு எழுப்பிக் குளிர்ந்த தண்ணியையா ஊற்றுவது என்றாள். நான் வெளியே வந்து, எனக்கு எல்லாம் முடியும், நீ வேலைக்குப் போ என்றேன். அவள் சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் சீப்பை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கிளினிக் டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோவுக்குத் தேதி அந்தச் செவ்வாய்க்கிழமை. அங்கே கையைச் சரிசெய்து அனுப்பினால் மருமகள் வேலைக்குப் போவாள், இல்லையென்றால் போகமாட்டாள். என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

எனக்குத் துணைக்கு வந்தது என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட மூன்று வயது இளையவள். நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை. அவளுக்கு வாய் அதிகம், எனக்கு வாயே கிடையாது. அதனால் நாற்பது வருஷமாக அவள் பேசுவதும் நான் கேட்பதுமாகவே காலம் போயிருக்கிறது. சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை. ஒட்டுதல் என்றும் சொல்ல முடியாது.

பிசியோ என்றால் என்ன என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். "பிசியோன்னா பிசையறதுதான் அண்ணி. பேருலயே இருக்குல்ல. மாவு பிசையற மாதிரி பிசைஞ்சு விடுவாங்க. அரைமணி நேரத்துல கை தன்னால தூக்கும், பாருங்க."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், உருவிவிடுகிற மலாய்க்கார அம்மாளிடம் இரண்டு தடவை போயிருந்தேன். அவர் பிசைந்ததில் இரண்டு நாள் வலிதான் கூடியது. அது கம்பத்துப் பிசைதல், இது கவர்மெண்டுப் பிசைதல், இதில் பலம் அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் என்ன எண்ணெய் வைத்திருப்பார்களோ என்று நாத்தனார் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, பழைய சாஸ் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தாள். மூடி சரியாக இல்லை. தம்பின் டவுன் போய்ச் சேருவதற்குள் கார் முழுக்கப் பூண்டு வாசம். எங்கள் தோட்டத்தில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஊறுகாய் வியாபாரமா அக்கா என்று கேட்டார்.

நான் நல்ல புடவை கட்டியிருந்தேன். டவுனுக்குப் போவதென்றால் புடவைதான். அதுதான் நான் செய்த முதல் தப்பு. அந்த ரவிக்கைக்குக் கை இறுக்கம். யாராவது முதல் தடவை தோளுக்காகப் போகிறீர்கள் என்றால், தொளதொளவென்று, முன்னால் திறக்கிற மாதிரி எதையாவது போட்டுக்கொண்டு போங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

கவுண்டரில் கடிதத்தையும் ஐசி என்கிற அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு ஒரு அட்டை போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடி வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. ஊசி இல்லை, மருந்து வாடை இல்லை. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய ரப்பர் பந்துகள் கிடந்தன. சுவரில் ஒரு சக்கரம். பக்கத்தில் ஏணி மாதிரி படிபடியாக வெட்டிய ஒரு சின்னப் பலகை, பூனைகூட ஏற முடியாத அளவு. நடுவில் இரண்டு கம்பி. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், கையை நீட்டிக்கொண்டு, ஆனால் அவரைத் தொடாமல் நடந்தாள்.

மூலையில் மேசைக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்து பச்சை நிறத்தில் களிமண் மாதிரி எதையோ பிசைந்துகொண்டிருந்தார். அழுத்துவார், உருட்டுவார், பிய்ப்பார், மறுபடி அழுத்துவார். கை நடுங்கியது. நாத்தனார் அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணி, பிசையத்தான் செய்யறாங்க. ஆனா சீக்காளியில்ல பிசையறாரு" என்றாள்.

என் முறை வந்தது. நாத்தனாரும் கூடவே எழுந்தாள். துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் போத்தலை என் கையில் திணித்தாள். எனக்காகப் பேச ஆளில்லாமல் நான் ஒரு இடத்துக்குள் போனது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான்.

என்னைப் பார்த்தது ஒரு மலாய்ப் பெண். தலையில் துடுங் முக்காடு போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். என் மருமகள் வயதுதான் இருக்கும். கோலப்பிலா பக்கத்துப் பெண் என்று பிறகு சொன்னாள். மக்சிக் என்று என்னைக் கூப்பிட்டாள், சின்னம்மா மாதிரி. திரையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலில் உட்கார வைத்து, தானும் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு பேப்பர் அட்டை. உடனே கையைப் பிடித்து இழுப்பாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டாள்.

எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க வருகிறதா, இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு என்ன வேலை. இதற்கெல்லாம் பதில் சொன்னேன். ரப்பர் மரத்தில் பால்வெட்டு, முப்பது வருஷம் என்றேன். பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தானே குளிக்க போலேயா? தானே சட்டை போட போலேயா? தலை சீவ? பின்பக்கம் கழுவ? மேலே இருக்கிற சாமானை எடுக்க? சமைக்க? துணி காயப்போட?

போலே என்றால் மலாயில் முடியும் என்று அர்த்தம். ஏழு கேள்வி கேட்டாள். ஏழுக்கும் நான் "போலே" என்றேன். அவள் ஏழுக்கும் ஒரு கோடு இழுத்தாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தை கேள்வியாக வந்தால் என் வாயிலிருந்து அதே வார்த்தை பதிலாகப் போய்விடும். அவ்வளவு பழக்கம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு தோளைப் பார்க்க வேண்டும் என்றாள். ரவிக்கையைக் கழற்ற வேண்டும். நான் அசையவில்லை. அவள் ஒரு ஆஸ்பத்திரிச் சட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அவசரமில்லை என்றாள். இறுகிய ரவிக்கைக் கையோடு நான் போராடியது அவளுக்குக் கேட்டிருக்கும். ரொம்ப நேரம் கழித்து, உள்ளே வரட்டுமா, போலேயா என்று கேட்டாள். வந்து என் வலது கையை மட்டும் மெதுவாக விடுவித்தாள். தோளில் கை வைப்பதற்கு முன்னாலும் கேட்டாள். தொட போலேயா? கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை கையைக் கிட்டே கொண்டுவரவில்லை. நான் போலே என்றேன். வேண்டாம் என்றால் தாக் போலே, முடியாது என்று சொல்லுங்கள், நிறுத்திவிடுவேன் என்றாள்.

முடியுமா என்பதும், செய்யலாமா என்பதும் மலாயில் ஒரே வார்த்தைதான். எழுபது வயதுவரை அந்த வார்த்தை என்னிடம் வேலை வாங்கத்தான் வந்திருக்கிறது. உத்தரவு கேட்டு வந்தது அன்றைக்குத்தான்.

இடது கையைத் தூக்கச் சொன்னாள். அது காதை ஒட்டி நின்றது. வலதைத் தூக்கச் சொன்னாள். நான் தூக்கினேன். இன்னும் போலேயா? போலே. தூக்கினேன். அவள் இரண்டு கால் உள்ள ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை என் தோளில் வைத்துப் பார்த்தாள். பள்ளிப் பிள்ளைகளின் கணக்குப் பெட்டியில் இருக்கிற வட்ட அளவுகோலுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. பிறகு என் இடுப்பில் லேசாகக் கை வைத்து, மக்சிக் தூக்கியது கையை இல்லை, உடம்பை என்றாள். பக்கத்தில் இருந்த கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். காற்றில் சாய்ந்த செம்பனை மாதிரி நான் இடதுபக்கம் முழுக்கச் சாய்ந்திருந்தேன். கை தோள் மட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. இத்தனை மாதமாக நான் கையைத் தூக்குவதாக நினைத்து இடுப்பைத்தான் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் தன் பேப்பரைப் பார்த்தாள். ஏழு கோடும் அதில் இருந்தது. என் கையைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள்.

கொண்டை அழகாக இருக்கிறது, யார் போட்டது என்று கேட்டாள்.

"சாயா" என்றேன். நான் என்று அர்த்தம்.

இது மட்டும் தெரிந்தே சொன்ன பொய். மருமகள் போட்டாள் என்று சொன்னால் மருமகளைக் கஷ்டப்படுத்துகிறேன் என்று எழுதிவிடுவார்களோ என்று தோன்றியது.

அவள் கோபப்படவில்லை. எப்படிப் போடுகிறீர்கள் என்று நான் பார்க்க போலேயா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பவளிடம் எப்படி மறுப்பது? இடது கையால் கொண்டை ஊசிகளை எடுத்தேன். மூன்று ஊசி. முடி இறங்கி இடுப்புவரை விழுந்தது. முன்பு மாதிரி அடர்த்தி இல்லை. என் வீட்டுக்காரர்கூட என்னைத் தலைவிரியாகப் பகலில் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

இடது கையால் முடியைச் சேர்த்துப் பிடித்தேன். வலது கையை மேலே கொண்டுபோனேன். அது காதுக்குக் கீழே நின்றது. கை தலைக்கு வராததால் தலையைக் கைக்குக் கொண்டுபோனேன், குனிந்து, கழுத்தைத் திருப்பி. அரைச் சுற்று வந்தது, அவிழ்ந்தது. மறுபடி செய்தேன். மூன்றாவது தடவை ஒரு ஊசி விழுந்து கட்டிலுக்கு அடியில் போனது. அவள் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தாக் போலே" என்றேன்.

சொன்ன பிறகு நிறுத்த வரவில்லை. குளிக்க தாக் போலே, சட்டை தாக் போலே, சீவ தாக் போலே, பின்பக்கம் கழுவச் செம்புத் தண்ணியை வலது கையால் பின்னால் கொண்டுபோக வராது, துணி காயப்போட்டு மூன்று மாதம் ஆகிறது என்று அவள் கேட்ட வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு கோட்டையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள். ஏன் முதலில் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்கவே இல்லை. கேட்காததால் நானே சொன்னேன்.

பால்வெட்டுக் காலத்தில் விடியும் முன்னால் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்போம். பெரட்டு என்று சொல்வோம், பெயர் கூப்பிடுவது. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் டார்ச்சை அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். முகம் வாடியிருந்தால் "போலேயா?" என்பார். போலே என்றால் நம் நெரை, நாம் வெட்டிப் பழகிய மரங்கள், நமக்கு. முடியாது என்றால் நெரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். திரும்பி வரும்போது மேட்டில், பள்ளத்தில், பால் வராத கிழட்டு மரங்கள்தான் கிடைக்கும். அதனால் காய்ச்சலோடு போலே என்றிருக்கிறேன். மகன் வயிற்றில் ஏழாம் மாதத்தில் போலே என்றிருக்கிறேன். அந்த மண்டோர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அவருக்கு மேலே ஒருவர் கேட்பார்.

எனக்குத் தெரிந்த மலாயில் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். இங்கே யாரும் மக்சிக் மரத்தை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டார்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இனி நான் போலேயா என்று கேட்கமாட்டேன், "சம்பாய் மானா" என்று கேட்கிறேன் என்றாள். எதுவரை என்று அர்த்தம். எதுவரை வருகிறதோ அதுவரை காட்டுங்கள், அது போதும்.

அப்படியே கேட்டாள். பக்கவாட்டில் எதுவரை? முன்னால் எதுவரை? முதுகுப்பக்கம் எதுவரை? நான் காட்டினேன், அவள் அளந்து எழுதினாள். அந்தக் கேள்விக்குத் தப்பான பதிலே இல்லை. வலி பத்துக்கு எத்தனை என்றும் மறுபடி கேட்டாள். முதலில் இரண்டு என்று சொல்லியிருந்தேன். இப்போது ஏழு என்றேன்.

தோள் மூட்டைச் சுற்றிப் பை மாதிரி ஒன்று இருக்கிறதாம், அது சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். பால்வெட்டினதால் வந்தது என்று நினைத்தேன் என்றேன். அப்படி இருக்க வேண்டியதில்லை என்றாள். எட்டு மாதமாக அந்த மரங்களைத் திட்டிக்கொண்டிருந்தது வீணாய்ப் போனது.

பிறகு நான் கேட்க வந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். அடுத்த மாதத்துக்குள் கை வந்துவிடுமா?

அவள் சுற்றி வளைக்கவில்லை. வராது என்றாள். மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகலாம். தினமும் வீட்டில் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கொண்டை போடுவது கடைசியில்தான் வரும், அதுதான் கஷ்டமான வேலை. ஏன் அடுத்த மாதம் என்று கேட்டாள். மருமகள் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கை வரும்வரை காலையில் உதவி செய்ய வேறு யாராவது இருக்கிறார்களா என்றாள். இல்லை என்றேன். திரைக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து நாத்தனார் யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

அதன்பிறகு வேலை தொடங்கியது. சூடான ஒரு பையைத் துணியில் சுற்றித் தோளில் பத்து நிமிஷம் வைத்தாள். மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, கிணற்று வாளி ஆடுகிற மாதிரி ஆட்டச் சொன்னாள். ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையைத் தள்ளச் சொன்னாள். சுவரில் இருந்த அந்தச் சின்ன ஏணி பூனைக்கில்லை, விரலுக்காம். இரண்டு விரலை அதில் வைத்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வீட்டில் சுவரே போதும். இழுக்கிற வலி இருக்கலாம், மறுநாள் காலையிலும் வலித்தால் அது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் படம் போட்ட ஒரு தாளில் இருந்தது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. அவள் பிசையவும் இல்லை. எண்ணெய்ப் போத்தலைக் காட்டிக் கேட்டேன். முகர்ந்து பார்த்து, இதமாக இருந்தால் தடவிக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணெய் வேலை செய்யாது, மக்சிக்தான் செய்ய வேண்டும் என்றாள்.

கிளம்பும்போது முடி விரிந்தே கிடந்தது. கேட்டுவிட்டு, ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுப் பின்னால் குதிரைவால் கட்டிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

கதவைத் திறந்து வந்த என்னை நாத்தனார் மேலும் கீழும் பார்த்தாள். "என்னா அண்ணி, உள்ள போகையில கெழவி, வெளிய வரையில இஸ்கூல் புள்ள" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் காருக்கு நடந்தேன்.

காரில் அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கை உடனே வராது என்பதைச் சொன்னேன். அவள் பிசியோவையும் கவர்மெண்டையும் ஒரு பாட்டம் திட்டினாள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டால் சீனக் கிழவி மாதிரி சுலபமாக இருக்கும் என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். உதவிக்கு யாரும் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் நான் சொன்னபோது இவள் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம், காப்பிகூடக் குடிக்காமல். இவளிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். இவளிடம் கேட்டால் தோட்டம் முழுக்கத் தெரியும், காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாள்.

தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்தில் கேட்டுவிட்டேன். "காலையில நீ வந்து எனக்கு முதுகு தேய்ச்சுத் தலை கட்டி விடணும். மருமவ வேலைக்குப் போவட்டும். என்னால தனியா முடியல."

காரோட்டி கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். நாத்தனார் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"நாப்பது வருசத்துல நீங்க எங்கிட்டக் கேட்ட மொத விசயம் இது" என்றாள் பிறகு. "எங்கண்ணன் செத்து நடுவீட்டுல கெடக்கையில ஒரு கிளாஸ் தண்ணி கேட்டீங்களா? நானா கொண்டாந்து குடுத்தப்பவும் வேணாம்னுட்டீங்க."

நான் மடியில் இருந்த எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகினேன்.

"அஞ்சரைக்கு வருவேன். எந்திரிச்சு இருக்கணும். எனக்குக் காப்பி போட்டு வைக்கணும், எடது கையாலயாவது. சீனி ரெண்டு கரண்டி" என்றாள்.

வீட்டில் மருமகள் என்ன சொன்னார்கள் அத்தை என்று கேட்டாள். சீக்கிரம் சரியாகிவிடுமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அடுப்படிச் சுவர் பக்கத்தில் போய் நின்று, இரண்டு விரலைச் சுவரில் ஏற்றிக் காட்டினேன். உடம்பைச் சாய்க்காமல். விரல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். இதுவரைதான் வருகிறது, அடுத்த மாதத்துக்குள் வராது, காலையில் உன் சின்னத்தை வருவாள் என்றேன்.

அவள் கோட்டைப் பார்த்தாள். "சின்னத்தையா? நீங்களா கேட்டீங்க?" என்றாள். நம்பிக்கை இல்லாமல் நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. நேராகப் போய்ப் போனை எடுத்துத் தொழிற்சாலைக்குப் பேசினாள். ஒன்றாம் தேதி வருகிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் இடத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

அவள் முதல் நாள் வேலைக்குப் போன அன்று நாத்தனார் ஐந்தரைக்கு முன்னாலேயே வந்தாள். என் சோப்பு நல்லதில்லை என்றாள். துண்டு நைந்துபோய்விட்டது என்றாள். முதுகைச் சட்டி தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனால் அவள் பேசிக்கொண்டே இருந்ததில் கூசுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார வைத்துத் தலையைக் கட்டினாள். கண் இரண்டும் மேலே ஏறிக்கொள்கிற அளவுக்கு இழுத்துக் கட்டினாள்.

"இறுக்குது" என்றேன்.

அவள் கை நின்றது. அவிழ்த்து மறுபடி கட்டினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் தளர்த்து."

"நாளைக்கி இப்பிடியே நாலு குத்தம் சொல்லுவீங்க போல" என்று முனகிக்கொண்டே மூன்றாவது தடவையாக அவிழ்த்தாள். மேசையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.